அர்த்தநாரி பக்கம்

"ரெண்டே நிமிசம் வசந்தா"ன்னு சொல்லிப்போட்டு, போனை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு எங்கூட்டுக்காரரு. பட்டறைக்காரரு சாக்பீசுல வரைஞ்ச கட்டிலுக்கு நடுவுல நான் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்திருக்கறேன். யாரு போனுன்னு நான் கேக்கல. கேக்க வேண்டியதே இல்லைங்க, அந்த மூஞ்சியைப் பாத்தாத் தெரிஞ்சுபோகும். மக பண்ணுனா ஒரு மூஞ்சி, பேங்குக்காரன் பண்ணுனா ஒரு மூஞ்சி, அவரோட கூட்டாளி அந்த அர்த்தநாரி பண்ணுனா மட்டும் பள்ளிக்கூடம் விட்ட பையன் மூஞ்சி. அறுவது வயசு ஆளு, முட்டிவலின்னு காலையில காப்பி குடிக்கறப்பக்கூட முனகுன ஆளு, வேனோட பின்கதவுல இருந்து குதிச்சு இறங்கறாரு. படியே இல்ல இந்த வண்டிக்கு, இன்னும் வைக்கல. ஏறறப்போ என்னை இழுத்து விட ஒருத்தரு, தள்ளி விட ஒருத்தரு தேவைப்பட்டுச்சு. கரூருக்கு வெளிய இருக்கற பட்டறை இது, பஸ்ஸுக்குப் பாடி கட்டறவங்க. பக்கத்துக் கொட்டாயில ஏதோ காலேஜ் பஸ்ஸுக்குத் தகரம் தேய்க்கற கிரைண்டர் ஓடிக்கிட்டே இருக்குது, பல்லு கூசுது. ரெசின் பசை வாசம் வேற நெஞ்சைக் கரிக்குது. வண்டின்னு பேருதான், வெறும் தகரக்கூடு. ஜன்னலுக்கு ஓட்டை வெட்டியிருக்குது, கண்ணாடி இல்ல. கீழ பிளைவுட்டு. அது மேல பட்டறைக்காரரு பொன்னுரங்கம் முட்டி போட்டுக் கோடு இழுத்துக்கிட்டே வந்தாரு. இது கட்டில் மேடம், இது சிங்க் மேடம், இது பாத்ரூம் மேடம், இதுக்குள்ள நில்லுங்க, கையை விரிங்க, முழங்கை இடிக்குதுங்களா? இல்லாத சுவத்துல முழங்கை இடிக்குதான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லட்டும். இடிக்கலைங்கன்னேன். கேரவன்னா சினிமாக்காரங்க மேக்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கற வண்டின்னுதான் இத்தனை நாளும் எனக்குத் தெரியும். இப்ப எங்களுக்கே ஒண்ணு. சின்னது, ரெண்டு பேரு படுக்கற அளவுக்கு. எந்த ரெண்டு பேருங்கறதுதான் காலையில இருந்து என்ற மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்குது.

எங்கூரு திருச்செங்கோடு. ஊர்ல பாதி ஆம்பளைங்களுக்கு போர் போடற வண்டிதான் பொழப்பு, ரிக்குன்னு சொல்லுவோம். லாரி மேல அத்தாப் பெரிய மிசினை ஏத்திக்கிட்டு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கருன்னு போயி, யாரு யாரு காட்டுலயோ ஓட்டை போட்டுத் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு, அங்க மழை பிடிச்சதுக்கப்பறம்தான் ஊரு திரும்புவாங்க. எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்தும் அந்த அர்த்தநாரியும் கூட்டுச் சேந்து ஒரு ரிக்கு ஓட்டுனாங்க. ஒரே லாரி, ஒரே கேபின், ஒரே கொசுவலை. கல்யாணம் ஆகி மஞ்சக்கயிறு நிறம் மங்கறதுக்குள்ள கிளம்பிப் போனவருதான். ஊரு உலகத்துல புதுசாக் கட்டுனவங்களை ஆடி மாசத்துல பிரிச்சு வைப்பாங்க, சித்திரையில பிள்ளை பொறக்கக்கூடாதுன்னு. எங்களுக்கு ஆடியிலதான் சேர்த்தியே. என்ற ரெண்டு பிள்ளைகளும் சித்திரையில பொறந்ததுகதான். வசந்தாமணி வவுத்தைப் பாத்தாலே வடக்க நல்ல மழைன்னு தெரிஞ்சுக்கலாம்னு தண்ணிக்குழாயில நின்னுக்கிட்டுக் கிண்டல் பண்ணுவாளுக. நானும் சேந்து சிரிப்பேன். சிரிக்காம வேற என்ன பண்றது. குறை சொல்லக்கூடாதுங்க, வீடு கட்டுனாரு, கழுத்து நிறையப் போட்டாரு, ஒரு நாளும் கை நீட்டுனதில்ல. ஆனா அந்த மனுசனோட பகலு, ராத்திரி, பசி, தூக்கம், கோவம், சிரிப்பு அத்தனையும் இன்னொருத்தரு அனுபவிச்சுட்டாரு. எனக்குக் கிடைச்சது மழைக்காலத்து மிச்சம். போன வருசம் ரிக்கை வித்துப்போட்டு வந்து நின்னாரு. நான் பாத்த ஊரையெல்லாம் உனக்குக் காட்டறேன் வசந்தா, ஒரு சின்ன கேரவன் கட்டிக்கலாம், ஊர் ஊரா நிறுத்திப் படுத்துக்கலாம்னாரு. பாத்ரூமுக்குள்ள போயி குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அத்தனை சந்தோசம். கடைசியில என்ற முறை வந்துருச்சுன்னு நினைச்சேன். நினைச்சதுதான் தப்பு.

இன்னிக்குக் காலையில வந்து இறங்குனதும் பட்டறைக்காரரு கேட்ட முதல் கேள்வி, கதவு எந்தப் பக்கம்ங்கன்னு. "அர்த்தநாரி பக்கம் வச்சுருங்க"ன்னாரு இவரு. பொன்னுரங்கம் சாக்பீசைக் கீழ வச்சுட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "அடடா, திருச்செங்கோட்டுக்காரங்கன்னா சும்மாவா! அம்மன் இருக்கற பக்கம், இடது பக்கம். இனி நானும் அப்பிடியே சொல்றேனுங்க." மலை மேல இருக்கற எங்க சாமிக்கு வலது பாதி சிவன், இடது பாதி அம்மன், ஒரே உடம்பு. அதை நினைச்சுக்கிட்டாரு பாவம். என்ற வீட்டுக்காரருக்கு எங்கீங்க அந்த நினைப்பு? ரிக்கு ஓட்டறப்போ இவரு ஸ்டியரிங்குல, அந்தாளு இடது சீட்டுல. வலது இடதுங்கற பேச்சே அவங்களுக்குள்ள கிடையாது, என் பக்கம், அர்த்தநாரி பக்கம், அவ்வளவுதான். அதை அப்பிடியே வீட்டுக்கும் தூக்கிட்டு வந்துட்டாரு. பீரோ சாவி எங்கீங்கன்னா, அர்த்தநாரி பக்கத்துத் தட்டுல பாருன்னுவாரு. எந்த முட்டி வலிக்குதுன்னு டாக்டரு கேட்டதுக்கு, அர்த்தநாரி பக்கத்து முட்டின்னாரு, அந்த டாக்டரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. அன்னிக்குச் சிரிப்பா இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. பட்டறைக்காரரு வேற சாமி பேரைச் சொல்றமுன்னு பக்தியா, சிங்க் அர்த்தநாரி பக்கம், பாத்ரூம் சார் பக்கம், அலமாரி அர்த்தநாரி பக்கம்னு காலையில இருந்து பாராயணம் பண்ணிக்கிட்டே இருக்கறாரு. வசந்தாமணி பக்கம்னு ஒண்ணு இந்த வண்டியில எங்கயாச்சும் வருமாங்கன்னு கேக்க வாயி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். சாமியாச்சும் தன்ற பாதி உடம்பைப் பொண்டாட்டிக்குக் குடுத்தாரு. இவரு அந்தப் பாதியையும் சிநேகிதனுக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாரு. பேரைப் பாரு பேரை, அர்த்தநாரியாம். பொறாமைதானுங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஒரு பொம்பளை மேல பொறாமைன்னா ஊர்ல நாலு பேரு வந்து ஆறுதலாப் பேசுவாங்க. மீசை நரைச்ச ஒரு ஆம்பளை மேல பொறாமைன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது? அதுலயும் அந்தாளு என்னை அம்மிணி அம்மிணின்னுதான் கூப்பிடுவாரு. மக கல்யாணத்துல விடியறதுக்கு முன்னாடியே வந்து பந்தி பூராவும் நின்னு பாத்துக்கிட்டாரு, கடைசிப் பந்தியில உக்காந்து ஆறிப்போன சோத்தைச் சாப்பிட்டாரு. திட்டறதுக்குக்கூட ஒரு வழி வச்சுட்டுப் போகல பாருங்க, அதுதான் பெரிய எரிச்சலு.

சோறுன்னதும் ஞாபகம் வருது. வருதென்ன, அது எங்க போச்சு, அங்கயேதான் கிடக்குது. கல்யாணத்துல அந்தக் கடைசிப் பந்தியில நான் ரசம் ஊத்தறேன், அந்தாளு இலையைப் பாத்துக்கிட்டே, "என்ன இருந்தாலும் நாச்சி வைக்கற ரசம் வராது அம்மிணி"ன்னாரு. எனக்குப் புரியல. நாச்சி யாருங்கண்ணான்னு கேட்டுட்டேன், என்ற புருசன் பேரே எனக்கு வேற யாரோ பேரு மாதிரி இருந்துச்சு. "உங்கூட்டுக்காரன்தான். ரிக்குல அவன்தானே சமையலு. அவன் கறிக்குழம்பு வச்சா பக்கத்து ரிக்குக்காரனெல்லாம் தட்டைத் தூக்கிட்டு வந்துருவான்." கையில இருந்த ரசவாளி கனத்துப்போச்சுங்க. எங்க வீட்டுல இந்த மனுசன் அடுப்படிப் பக்கம் வந்ததில்ல. குடிக்கற தண்ணியைக்கூட உக்காந்த இடத்துல இருந்துதான் கேப்பாரு. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தப்போ கடையில இட்லி வாங்கிட்டு வந்து தலைமாட்டுல வச்சாரு, பொட்டலத்தைக்கூடப் பிரிக்கல. அந்தக் கை வருசக்கணக்கா இன்னொருத்தருக்கு வெங்காயம் உரிச்சிருக்குது, கறி கழுவியிருக்குது, உப்புப் போதுமான்னு கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஊத்தியிருக்குது. அந்தாளுக்குக் காய்ச்சல் வந்தா கஞ்சி காய்ச்சியிருக்கும். கண்டிப்பாக் காய்ச்சியிருக்கும். அன்னிக்கு ராத்திரியே கேட்டேன், ஏனுங்க, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமாங்கன்னு. அது ரிக்கு சமையலு வசந்தா, வீட்டுக்கு ஆகாதுன்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. எனக்கு ரிக்கு சமையலுதானுங்க வேணும்! இன்னிக்குப் பட்டறைக்காரரு, கிச்சனை மேடம்தான் சொல்லணும்னு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு. மேடை எத்தனை உசரம், ஒத்தை அடுப்பா ரெட்டை அடுப்பா, மிக்சி வைக்க இடம் விடட்டுமா மேடம்? எனக்குக் கிச்சனே வேண்டாமுங்கன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. இவரு சமாளிச்சாரு, "பின்னாடி கதவுகிட்ட வெளிய இழுத்தா வர்ற மாதிரி ஒரு தட்டு வச்சுருங்க தம்பி, வெளிய நின்னு சமைச்சுக்கலாம்." யாரு நின்னு சமைக்கறதுன்னு சொல்லல. யாருக்குன்னும் சொல்லல.

அப்பறம்தான் கட்டில் பேச்சு வந்துச்சு. பொன்னுரங்கம் ரெண்டு விதமா வரைஞ்சு காட்டுனாரு. பின்னாடி குறுக்க ஒரே பெரிய டபுள் கட்டிலு, இல்லைன்னா நீளவாக்குல அக்கட்டால ஒண்ணு இக்கட்டால ஒண்ணு, நடுவுல நடக்கறதுக்கு வழி. "புருசன் பொண்டாட்டி வர்றவங்க எல்லாரும் டபுள்தானுங்க போடறாங்க"ன்னு என்னைப் பாத்துச் சொன்னாரு. எனக்குக் கூச்சமாப் போச்சு, இந்த வயசுல. ஆனா மனசுக்குள்ள டபுள்தான், டபுள்தான்னு சொல்லிக்கிட்டேன். இவரு ஒரு நொடிகூட யோசிக்கலைங்க. "ரெண்டு சிங்கிளாப் போடுங்க. எதிரும் புதிருமா." யாரோ பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏனுங்கன்னு கேட்டேன். "ராத்திரி ஒருத்தரு எந்திரிச்சா இன்னொருத்தரைத் தாண்ட வேண்டியதில்ல பாரு"ன்னாரு. இருக்கலாம். வயசாச்சு, ரெண்டு மூணு தடவை எந்திரிக்கத்தான் வேண்டியிருக்குது. நியாயமான பேச்சுதான். ஆனா நியாயமா இருக்கறதெல்லாம் நிசமா இருக்கணுமா? ரெண்டு ஆம்பளைங்க படுக்கறதுக்குத்தான் ரெண்டு கட்டிலு. வேற யாருக்கு எதிரும் புதிரும் வேணும்? முன்சீட்டையும் பாருங்க, ஓட்டறவரு பக்கத்து சீட்டு பின்னாடி திரும்பற மாதிரி வேணும்ங்கறாரு, வண்டியை நிறுத்திப்போட்டு அப்பிடியே திரும்பிச் சீட்டாட வசதியா. எனக்கு ரம்மியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. வெய்யிலுக்கு வெளிய படுதா, அதுக்குக் கீழ போட ரெண்டு மடக்குச் சேரு. ஒவ்வொண்ணையும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றாரு, ஏற்கெனவே இருந்த ஒண்ணைப் பாத்துச் சொல்ற மாதிரி. "சாருக்கு நல்ல அனுபவமுங்க"ன்னு பொன்னுரங்கம் மெச்சிக்கறாரு. அனுபவம் இல்லாம? நாங்கூடத்தான் காலையில இருந்து யோசிச்சுப் பாக்கறேன், எனக்குன்னு இந்த வண்டியில என்ன வேணும்னு. ஒண்ணும் தோண மாட்டீங்குது. வண்டியில வாழ்ந்து பாத்தவங்களுக்கில்ல வேணுங்கறது தெரியும்.

இப்ப ஜன்னல் ஓட்டை வழியாக் குரலு மேல வருது. வண்டி நிழல்லயே நின்னு பேசறாரு போல, கிரைண்டர் நிக்கறப்பெல்லாம் ஒவ்வொரு வார்த்தையா விழுது. ஒட்டுக் கேக்கறது தப்புதான். ஓட்டையை நானா வெட்டுனேன்? "டேய், சும்மா இருடா." சிரிப்பு. தொண்டையில இருந்து இல்லைங்க, வவுத்துல இருந்து வர்ற சிரிப்பு. இந்த மனுசனுக்கு இப்பிடி ஒரு சிரிப்பு இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சதே இந்தப் போனாலதான். கிரைண்டர். நாசமாப் போன கிரைண்டர். "...உள்ள வேண்டாம்டா, புகை அடையும். நாம வெளிய வச்சே சமைச்சுக்கலாம்." நாம. நாம வெளிய வச்சே. என்ற காதுல விழுந்தது சரிதானா? அந்தாளு போனுக்கு அந்தப் பக்கம் இருக்கறாரு. என்னையும் இவரையும் சொல்றதா இருந்தா அவருகிட்ட நாங்கன்னுதானே வரணும்? நாங்க சமைச்சுக்கறோம்னா அது நானும் இவரும். நாம சமைச்சுக்கலாம்னா அது இவரும் அந்தாளும். என்ற படிப்பு பத்தாவதோட சரி, ஆனா நாமளுக்கும் நாங்களுக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளை எங்கூர்ல உண்டா? பேச்சு வாக்குல வந்திருக்கும், அத்தனை வருசப் பழக்கம், நாக்குல அப்பிடியே ஊறிப்போயிருக்கும். இருக்கும். அப்பறம் ஏன் இங்க வந்து வசந்தான்னு பேசறப்போ ஒரு தடவைகூட அந்த வார்த்தை தப்பி விழ மாட்டீங்குது? என்கிட்ட எப்பிடிப் பேசறாருன்னு யோசிச்சுப் பாக்கறேன். நீ சாப்பிட்டயா. நான் வரட்டுமா. உனக்கு என்ன வேணும். நீயி, நானு. நீயி, நானு. நாமன்னு ஒருக்காச்சும்... மக கல்யாணத்தப்போ சொல்லியிருப்பாரு. நாம எத்தனை பத்திரிகை அடிக்கறதுன்னு. அதுகூட அந்தாளுகிட்டக் கேட்டதா என்கிட்டக் கேட்டதான்னு இப்பச் சந்தேகமா இருக்குது. அட கெரகமே, ஒரு வார்த்தையை வாயில போட்டு இப்பிடியா மெல்லுவேன்?

சரி, அந்தாளு வர்றாருன்னே வச்சுக்குவோம். அப்ப நான் எங்க படுக்கறது? கட்டில் ரெண்டுதான். இல்ல, நான் கட்டில்ல படுத்தா அந்தாளு கீழ நடுவழியில படுக்கணும், ராத்திரி எந்திரிச்சா அவரைத் தாண்டணும். அதெல்லாம் நடக்கற காரியமா? முன்னாடி இவரு ஓட்ட, பக்கத்துல அந்தாளு, நான் பின்னாடி சாமான் மூட்டையோட உக்காந்துக்கிட்டு ரெண்டு பிடரியைப் பாத்துக்கிட்டே ஜபல்பூரு வரைக்கும் போகோணும். அவங்க ரெண்டு பேரும் ஏதோ ஊர்ப் பேரைச் சொல்லிச் சிரிப்பாங்க, நான் என்னங்கன்னு கேப்பேன், அதுவா, அது பழைய கதை அம்மிணின்னு அந்தாளு பாதியில விடுவாரு. இல்லைன்னா என்னைக் கூட்டிட்டே போக மாட்டாங்களோ? உனக்கு ஒத்துக்காது வசந்தா, மூச்சுத் திணறும், முதல் ட்ரிப்பு நானும் அவனும் போயி வண்டி எப்பிடி இருக்குதுன்னு பாத்துட்டு வந்துடறோம்பாரு. அப்பறம் மழை பிடிச்சதும் வருவாரு. அந்தாளு சம்சாரத்துகிட்ட ஒருக்கா மலைக்கோயில் படியில உக்காந்து கேட்டிருக்கறேன், ஏனுங்கக்கா, உங்களுக்கு வவுறு எரியாதான்னு. "எதுக்கு எரியோணும்? கூட ஒரு ஆளு இருக்குதுன்னு நிம்மதியாத் தூங்கறேன்"ன்னு சொல்லிச் சிரிச்சது அந்தக்கா. அவங்களுக்கு மனசு பெருசு. எனக்கு இல்ல, போங்க. எனக்கு இந்த ஆளு முழுசா வேணும், கொஞ்ச நாளைக்காச்சும். அவரும் நானும் மட்டும், எங்கயோ ஒரு புளிய மரத்தடியில வண்டியை நிறுத்திப்போட்டு, அவரு இந்தச் சேருல, நான் அந்தச் சேருல. அப்பறம்? அப்பறம் அவரு ஏதோ சொல்லுவாரு, நான்... நான் என்ன சொல்லுவேன்? மக பேச்சு ஒரு காமணி நேரம் ஓடும். பேரன் பேச்சு. பால்காரன் தண்ணி ஊத்தற பேச்சு. அதுக்கப்பறம்? பொழுது நிக்குமே, சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே நிக்குமே. வேண்டாம், இதை நினைக்க வேண்டாம். அந்தாளை நினைச்சு எரியறதே மேலு.

வந்துட்டாரு. கம்பியைப் பிடிச்சு ஏறி, போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, சிரிப்பு இன்னும் மூஞ்சியில மிச்சம் இருக்குது. என்னைப் பாத்ததும் அதைத் தொடைச்சுக்கிட்டாரு. அதைப் பாத்ததும்தான் எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. பொன்னுரங்கம் மூலையில பாத்ரூம் கோட்டை அழிச்சு அழிச்சுப் போட்டுக்கிட்டிருக்கறாரு, இருந்தா இருக்கட்டும். "ஏனுங்க, அண்ணனும் வர்றாரா?" பொசுக்குனு கேட்டுட்டேன். எந்த அண்ணன்னு அவரு கேக்கல. வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு, அவுத்து விட்டாரு. "முதல் ட்ரிப்பு மட்டும் வசந்தா. அவன் இருந்தா..." "நான் எங்க படுக்கறதுங்க?" "அது, கீழ மெத்தையைப் போட்டு நான்..." "டபுள் கட்டிலு வேண்டாம்னீங்களே, அது அவருக்குத்தானா?" என்ற குரலு எனக்கே பிடிக்கல, கீச்சுன்னு தகரத்துல மோதி எனக்கே திரும்பி வந்துச்சு. பொன்னுரங்கம் சாக்பீசைத் தேடற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு, சாக்பீசு அவரு கையிலயேதான் இருக்குது. இவரு சண்டைக்கு வருவாருன்னு நினைச்சேன். சண்டை வந்திருந்தாப் பரவாயில்ல. "உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல வசந்தா"ன்னாரு. அவ்வளவு மெதுவா. "அவன் இருந்தாப் பேச்சு ஓடும். நீயும் கேட்டுட்டு இருப்ப. நீயும் நானும் மட்டும் அத்தனை நாளு, இந்தச் சின்ன இடத்துல... எனக்குப் பயமா இருக்குது. உனக்குச் சலிச்சுப் போயி, ஏன்டா வந்தோம்னு ஆயிருச்சுன்னா?" வாய்க்குள்ள வச்சிருந்தது எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. என்ற பயம் அவரு வாயில இருந்து வருது. அது எப்பிடிங்க? அதுக்காகப் பொறாமை போயிருச்சுன்னு நினைச்சுக்காதீங்க. இன்னும் கூடுச்சு. இந்தப் பயம் இல்லாம இவரு ஒருத்தருகிட்டப் பேசியிருக்கறாரு, தினமும் பேசியிருக்கறாரு, எதிரும் புதிருமாப் படுத்துக்கிட்டுத் தூக்கம் வர்ற வரைக்கும் பேசியிருக்கறாரு. அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுச்சு, நான் இத்தனை நேரமும் தப்பான கட்டிலைக் கேட்டுக்கிட்டிருந்திருக்கறேன். டபுள் கட்டிலு எனக்கு எதுக்கு? அதுதான் மழைக்காலத்துல இருந்துச்சே. அதுல படுத்தா ரெண்டு பேரும் மேல பாத்துக்கிட்டுக் கிடப்போம். எனக்கு அந்தாளு படுத்த கட்டிலு வேணும்.

சேரை ஓரமாத் தள்ளிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, இடது பக்கத்துக் கோட்டுக்குள்ள அப்பிடியே பிளைவுட்டுல படுத்துட்டேன். "ஐயோ மேடம், தூசிங்க"ன்னு பொன்னுரங்கம் பதறுனாரு. இருக்கட்டுங்கன்னேன். முதுகுல மரச்சிராய் குத்துது, மேல தகரம் அனலாக் காயுது. "ரெண்டு சிங்கிளே போட்டுருங்க தம்பி"ன்னு பொன்னுரங்கத்துகிட்டச் சொல்லிட்டு, "நீங்க அந்தப் பக்கம் படுங்க"ன்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். "வசந்தா, வெள்ளை வேட்டி..." "படுங்கன்னா." படுத்தாரு. முட்டி சொடக்குப் போட்டுச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளு நடக்கற அளவுக்கு வழி. திரும்பிப் பாத்தா நேரா அவரு மூஞ்சி. இத்தனை நேரா அந்த மூஞ்சியைப் பாத்து எத்தனை நாளாச்சு. "பேசுங்க"ன்னேன். "என்னத்தைப் பேச?" "என்னத்தையாச்சும்." கிரைண்டர் ஓடுச்சு, நின்னுச்சு. அவரு தகரத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. பொன்னுரங்கத்துக்குத்தான் தாங்கல, பாவம், ஏதாச்சும் கேக்கணுமேன்னு, "சார், கட்டிலுக்கு மேல லைட்டு வைக்கட்டுங்களா, ராத்திரிக்கு?"ன்னாரு. வேண்டாம்னு சொல்லத்தான் இவரு வாயைத் திறந்தாரு, என்னவோ நினைச்சுக்கிட்டு என்ற பக்கம் திரும்புனாரு. "உனக்கு எப்பிடி வசந்தா? லைட்டை அணைச்சாத்தானே தூங்குவ?" "இல்லைங்க." "இல்லையா?" "எனக்கு இருட்டுன்னா பயமுங்க. நீங்க போனதுக்கப்பறம் பிள்ளைகளை வச்சுக்கிட்டுத் தனியா... லைட்டைப் போட்டுட்டேதான் தூங்குவேன், அன்னிக்கிருந்து." அவரு கையை ஊனி எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "நான் வர்றப்பெல்லாம் அணைச்சுடறனே?" "ஆமாங்க. நீங்க வந்தா எனக்குச் சரியாத் தூக்கமில்ல, இந்த ஒரு வருசமாவும் அப்பிடித்தான்." "சொல்லவே இல்லையே." "வந்த மனுசன் நிம்மதியாத் தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன். நீங்களும் கேக்கல." அவரு கோட்டு மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, விரல்ல சாக்பீசு ஒட்டியிருந்துச்சு. அப்பறம் யாருகிட்டவோ சொல்ற மாதிரி, "அர்த்தநாரிக்குத் துளி வெளிச்சம் இருந்தாத் தூக்கம் வராது"ன்னாரு. நான் ஒரு வார்த்தை பேசுனாலும் காரியம் கெட்டுப்போகும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துக்கிடந்தேன். இவரு "தம்பி"ன்னு கூப்பிட்டாரு. "அவ தலைமாட்டுல ஒரு லைட்டு வச்சுருங்க." பொன்னுரங்கம் வந்து என்ற தலைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வட்டம் போட்டாரு. "படிக்கற லைட்டுங்களா சார்?" "இல்ல. விடிய விடிய எரியறது."